வங்கித் தாள்களிலும் ஈட்டுப் பத்திரங்களிலும் வரும் பணச் சுருக்கங்களை எப்படி விரிப்பது?

கேட்டவர் மொழிபெயர்ப்புக்குப் புதியவர் என்று தெரிகிறது. ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினை வழக்குக்காக அவரிடம் ஒரு கட்டுத் தாள் வந்திருக்கிறது: 1951இல் எழுதப்பட்ட ஈட்டுப் (அடமானப்) பத்திரம், 2018இல் ஒரு வங்கி கொடுத்த வீட்டுக் கடன் அனுமதிக் கடிதம், அந்தக் கடனின் கணக்கு அறிக்கை, கடன் முடிந்தபின் வந்த கடிதம், வில்லங்கச் சான்று. வங்கித் தாள்களை நீதிமன்றத்துக்காகத் தமிழாக்க வேண்டும். ஈட்டுப் பத்திரத்தை அமெரிக்காவில் இருக்கும் ஒரு பங்காளிக்காக ஆங்கிலமாக்க வேண்டும். டி.டி., ஓ.எஸ்., பி.ஐ., ஆர்.ஓ.ஐ., எஃப்.சி., அடைப்புக்குறிக்குள் தனியாக ஓர் எஃப், பழைய பத்திரத்தில் ‘வட்டி 0-12-0’ என ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் நான்கைந்து விரிவுகள் கிடைக்கின்றன. சரியான முழுப் பட்டியல் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். அவரை உண்மையில் உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். எதை வைத்து ஒன்றைத் தேர்வது, தேர முடியாவிட்டால் கையெழுத்திட்டுக் கொடுக்கும் தாளில் என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி. பட்டியல் கிடைத்தால் உறுத்தல் கூடத்தான் செய்யும்; அதில் எல்லா விரிவும் சரியாகவே இருக்கும்.

நான் வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்துவிட்டு மொழிபெயர்ப்புக்கு வந்தவன், வழக்கறிஞன் அல்லன். ஒரு சுருக்கம் எதைக் குறிக்கிறது என்று சொல்வேன்; அதனால் யாருக்கு என்ன உரிமை வருகிறது என்பதை வழக்கறிஞர் சொல்லட்டும். கடன் பிரிவில் கற்றுக்கொண்ட ஒன்று இங்கே உதவும். பணத்தைக் குறிக்கும் சுருக்கத்தின் அருகில் பெரும்பாலும் ஓர் எண் நிற்கும். அந்த எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதிச் சுருக்கங்கள் தம் பெயரைத் தாமே சொல்லிவிடும். அகராதியைத் திறப்பதற்கு முன் கால்குலேட்டரை எடுங்கள்.

பழைய பத்திரத்திலிருந்து தொடங்குகிறேன். பிழை அதிகம் நேர்வது அங்கேதான். 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா தசம நாணயத்துக்கு மாறியது. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக ரூபாய்க்கு 192 பை. மாறியபின் ரூபாய்க்கு 100 நயா பைசா. 1964 ஜூனில் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசா ஆயிற்று. பழைய பையையும் ‘பை.’ என்றே எழுதினார்கள், புதிய பைசாவையும் ‘பை.’ என்றே எழுதினார்கள். சில பத்திர எழுத்தர்கள் ‘ந.பை.’ என்று எழுதி நமக்குப் புண்ணியம் கட்டிக்கொண்டார்கள். எல்லாரும் அப்படி இல்லை. இங்கே எண் நிற்கும் கட்டத்தைப் பாருங்கள். மூன்று கட்டம் இருந்தால் ரூபாய், அணா, பை. இரண்டே கட்டம் இருந்து, இரண்டாவதில் 15க்கு மேற்பட்ட எண் வந்தால் அது அணாவாக இருக்க வழியில்லை. ‘12-40’ என்பது பன்னிரண்டு ரூபாய் நாற்பது பைசாதான். ‘12-8’ மட்டும் தேதியைப் பார்க்காமல் தீராது. 1950இல் அது பன்னிரண்டரை ரூபாய். 1960இல் பன்னிரண்டு ரூபாய் எட்டு நயா பைசாவாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் நாணயம் மாறிய பிறகும் சில காலம் மக்கள் அணாவை விடவில்லை. கால் ரூபாயை நாலணா என்று சொல்வது இன்னும்கூடக் காதில் விழுகிறது.

கிஸ்து (நிலவரி) ரசீது இருந்தால் இன்னொரு முடிச்சு உண்டு. அதில் ‘ப.’ என்று இருப்பது பக்கமல்ல, பசலி; நிலவரிக் கணக்குக்கான ஆண்டு. பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. அதோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1366 என்றால் 1956 ஜூலை முதல் 1957 ஜூன் வரை. நாணயம் மாறியது சரியாக அந்தப் பசலியின் வயிற்றில். ஆகவே 1366ஆம் பசலி ரசீது கையில் வந்தால் பசலி எண்ணை நம்பி உட்காராமல் பணம் கட்டிய தேதியைத் தேடுங்கள்.

இனி ‘வட்டி 0-12-0’. நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றுக்குப் பன்னிரண்டு அணா என்பது இதன் பொருள். மாதம் முக்கால் ரூபாய், ஆண்டுக்கு ஒன்பது ரூபாய், இன்றைய கணக்கில் ஆண்டுக்கு 9 சதவீதம். இதை 12 சதவீதம் என்று எழுதிய மொழிபெயர்ப்பைப் பார்த்திருக்கிறேன். புள்ளி பன்னிரண்டு சதவீதம் என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். சரிபார்க்கும் வழி பத்திரத்தின் முதுகிலேயே இருக்கும். கடன் கொடுத்தவர் அவ்வப்போது பெற்ற வட்டியை அங்கே வரவு எழுதியிருப்பார். அசல் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பன்னிரண்டு அணா என்றால் மாதம் 6 ரூபாய், ஆறு மாதத்துக்கு 36 ரூபாய். முதுகில் ‘6 மாத வட்டி வரவு 36-0-0’ என்று இருந்தால் வழக்கு முடிந்தது. ஆண்டுக்கு 12 சதவீதமாக இருந்திருந்தால் அங்கே 48 இருக்க வேண்டும். முதுகில் எழுத்தே இல்லை என்றால், பத்திரத்தின் உடலில் ‘மாதம் 1க்கு ரூ.100க்கு’ என்ற சொற்கள் எங்காவது இருக்கின்றனவா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும், சுருக்கம் பிற்பாடு வரும் இடங்களில்தான் வந்திருக்கும். நம் ஊர்க் கைமாற்று வழக்கில் வட்டி என்றாலே மாதக் கணக்கு, வங்கிக்கு ஆண்டுக் கணக்கு. இன்றைக்குக்கூடப் பிராமிசரி நோட்டில் ‘வட்டி 2’ என்று மட்டும் இருந்தால் அது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 ரூபாய் என்று கொள்ளத்தான் அதிக இடமுண்டு. ஆனால் நோட்டிலேயே காலம் சொல்லப்படவில்லை என்றால் நீங்களாக ‘மாதம்’ என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள். அந்தச் சொல்லின்மேல்தான் இரு தரப்பும் சண்டை போடப்போகிறார்கள்.

பழைய கணக்குகளில் வரும் குறியீடுகளையும் சொல்லிவிடுகிறேன். ௹ ரூபாய், ௸ மேற்படி, ௶ பற்று, ௷ வரவு. கையெழுத்தில் பற்றும் வரவும் ஒன்றுபோலத் தோன்றும் இடங்கள் உண்டு. மாற்றிப் படித்தால் கடன்காரர் கடன் கொடுத்தவராகிவிடுவார். இங்கேயும் கூட்டல் கழித்தல்தான் துணை. அடுத்த வரியில் கடன் மீதி குறைந்திருந்தால் அது வரவு, ஏறியிருந்தால் பற்று. வங்கி அறிக்கையில் இதே வேலையை டி.ஆர்., சி.ஆர். என்ற எழுத்துகள் செய்கின்றன. கடன் கணக்கில் மீதித் தொகைக்குப் பின்னால் டி.ஆர். என்று இருந்தால் வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கி. சி.ஆர். என்பது வரவாகவும் இருக்கும், கோடியாகவும் இருக்கும். மதிப்பீட்டாளர் அறிக்கையில் ‘1.2 சி.ஆர்.’ என்றால் ஒரு கோடியே இருபது லட்சம். கணக்கு அறிக்கையில் ‘1,200.00 சி.ஆர்.’ என்றால் ஆயிரத்து இருநூறு வரவு. முழுப் பைசாவரை எழுதிய தொகைக்குப் பின்னால் கோடி வருவதில்லை.

உங்கள் பட்டியலில் உள்ள பி.ஐ. இதே கணக்கில் அகப்பட்டுவிடும். அசலும் வட்டியும் என்பதற்கும் அபராத வட்டி என்பதற்கும் ஆங்கிலத்தில் அதே முதலெழுத்துகள். 20 லட்ச ரூபாய்க் கடன், ஆண்டு வட்டி 9 சதவீதம், 240 மாதம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 17,995 ரூபாய். முதல் மாதத்தில் வட்டி 15,000, அசலுக்குப் போவது 2,995. இந்தக் கணக்கு அறிக்கையில் பி.ஐ. என்ற வரிக்கு எதிரே 17,995 இருந்தால் அது அசலும் வட்டியும் சேர்ந்த தவணை. ஒரு தவணை தவறிய மாதத்துக்குப் பின் பி.ஐ. என்று 30 ரூபாய் போட்டிருந்தால், தவறிய 17,995 ரூபாய்க்கு ஆண்டுக்கு 2 சதவீதம் வீதம் ஒரு மாத அபராத வட்டி. இரண்டு எண்ணுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள், குழப்பத்துக்கே இடமில்லை. தேதியும் உதவும். அபராதத்தை வட்டி விகிதத்தோடு கூட்டி வசூலிக்கக் கூடாது, தனிக் கட்டணமாகத்தான் வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. புதிய கடன்களுக்கு அது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் கொடுக்கப்பட்ட கடனின் அறிக்கையில் பி.ஐ. என்று கண்டால் அபராத வட்டி என்று உடனே விரிக்கத் தயங்க வேண்டும்.

பதிவுத் துறைப் பக்கமும் கணக்கு பேசும். எஸ்.டி. என்பது முத்திரைத் தீர்வை, கிரயப் பத்திரம், காப்புத் தொகை மூன்றுக்கும் பொது. 30 லட்சத்துக்கு எழுதிய கிரயத்தில் எஸ்.டி. என்பதற்கு எதிரே 2,10,000 இருந்தால் அது 7 சதவீதம். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை அதுதான். அடுத்து ஆர்.எஃப். என்று 1,20,000 இருந்தால் 4 சதவீதப் பதிவுக் கட்டணம்; 2017 ஜூன் முதல் 2023 மார்ச் வரை அந்த விகிதம் இருந்தது. 60,000 என்றால் 2 சதவீதம், 2023 ஏப்ரலுக்குப் பிந்தையது. விகிதம் பத்திரத்தின் தேதியோடு ஒத்துப்போகாவிட்டால் அவசரப்பட்டு விரிக்காதீர்கள். தானமோ விடுதலையோ வேறு வகைப் பத்திரமாக இருக்கும், அல்லது எழுதிய தொகைக்கு அல்லாமல் வழிகாட்டி மதிப்புக்குத் தீர்வை கட்டியிருப்பார்கள்.

எல்லாச் சுருக்கத்துக்கும் பக்கத்தில் எண் இருக்காது. அப்போது அது எந்தக் கட்டத்தில், எதற்கு அடியில் நிற்கிறது என்று பாருங்கள். ஓ.எஸ். என்பதற்குப் பின்னால் எண்ணும் சாய்கோடும் ஆண்டும் வந்தால், ‘145/2011’ என்பதைப்போல, அது அசல் வழக்கு எண். தொகையும் ‘அன்றைய தேதியில்’ என்ற சொல்லும் வந்தால் நிலுவை. சி.சி. மூன்று முகம் காட்டும். ஆவணப் பட்டியலில் கிரயப் பத்திரத்தின் சி.சி. என்றால் சான்றிட்ட நகல். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் பெயரோடு வந்தால் கட்டட நிறைவுச் சான்று. வணிகக் கடன் வரம்போடு வந்தால் ரொக்கக் கடன். டபிள்யூ/ஓ என்பது பெயர்க் கட்டத்தில் இன்னாரின் மனைவி. தொகைக் கட்டத்தில், வங்கி கைவிட்டுக் கழித்த தொகை. ஒருவருடைய மனைவியைக் கழித்துவிட்ட மொழிபெயர்ப்பு ஒன்று நீதிமன்றம் வரை போன கதையை வழக்கறிஞர்கள் சிரிப்புக்காகச் சொல்வார்கள். நடந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை.

டி.டி.க்கு வருகிறேன். இது உங்கள் கட்டில் உள்ள மிக ஆபத்தான எழுத்து, அதுவும் தமிழில் எழுதும்போது. ஆங்கிலத்தில் இரண்டு வேறு எழுத்துகளுக்கும் நமக்கு ‘டி’ ஒன்றே. ‘பி’யும் அப்படித்தான். ஆகவே டிமாண்ட் டிராஃப்டும் டைட்டில் டீடும் டேர்ம் டெபாசிட்டும் தமிழில் டி.டி. என்று ஒரே உடை போட்டுக்கொண்டு நிற்கும். அனுமதிக் கடிதத்தில் கடனுக்கு ஆதாரமாக டி.டி. என்று இருந்தால் உரிமை மூலப் பத்திரமா, தவணை வைப்பா? ஆங்கில மூலத்திலேயே இந்த இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான். தமிழாக்கினால் மூன்றாவதாக வரைவோலையும் சேர்ந்துகொள்ளும். வீட்டுக் கடனில், ‘ஒப்படைத்தல்’ என்ற சொல்லோடு வந்தால் பத்திரம். ‘உரிமைப் பிடிப்பு’ என்ற பொருளுள்ள சொல்லோடும் முதிர்வுத் தேதியோடும் வந்தால் வைப்பு. ஆறு இலக்க எண்ணும் வங்கிக் கிளையின் பெயரும் தொடர்ந்தால் வரைவோலை. இதேபோல ஈ.பி. என்பது தமிழ் ஆவணங்களில் மின்வாரியம். ஆனால் வில்லங்கச் சான்றின் பின்னணியில் உள்ள நீதிமன்றத் தாள்களில் அது நிறைவேற்று மனுவாகவும் இருக்கும். ‘ஈ.பி. நிலுவை’ என்பதை மின்கட்டணப் பாக்கி என்பதா, மனு நிலுவையில் உள்ளது என்பதா? பாக்கி சில நூறு ரூபாயில் தீரும்; மனு நிலுவையில் இருந்தால் வீடே ஜப்தியாகலாம். என் வழக்கம் இது: தமிழாக்கத்தில் ஆங்கில எழுத்துகளை ஒலிபெயர்த்து மட்டும் விட்டுவிடுவதில்லை. விரிவு உறுதியானால் விரிவையே எழுதுகிறேன். உறுதி இல்லையென்றால் மூலத் தாளில் உள்ள எழுத்துகளை அதே வடிவத்தில் வைத்துக் குறிப்புப் போடுகிறேன். தமிழில் ‘டி.டி.’ என்று எழுதிக் கொடுத்தால், படிப்பவர் மூலத்தைத் திரும்பப் பார்த்தால் ஒழிய எந்த எழுத்து இருந்தது என்றே அவருக்குத் தெரியாது.

ஈ.எம். என்று உங்கள் அனுமதிக் கடிதத்தில் இருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் 58ஆம் பிரிவில் ஆறு வகை அடமானங்களைச் சொல்கிறது. அவற்றில் பத்திரங்களை ஒப்படைத்துச் செய்வதை வங்கிக்காரர்கள் ஈக்விட்டபிள் மார்ட்கேஜ் என்பார்கள். அதே பிரிவில் ஆங்கில அடமானம் என்று வேறொன்றும் உண்டு. அதற்கும் அதே எழுத்துகள். நடைமுறையில் வீட்டுக் கடனில் ஈ.எம். என்றால் பத்திர ஒப்படைப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்பேன். ஆனாலும் கண்ணைத் திறந்து வில்லங்கச் சான்றைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் பத்திர ஒப்படைப்பு உடன்படிக்கையைப் பதிவு செய்வது கட்டாயம். ஆகவே 2018ஆம் ஆண்டுக் கடனுக்கு எம்.ஓ.டி. (பத்திர ஒப்படைப்புக் குறிப்பாவணம்) என்ற பதிவு, ஆவண எண்ணோடு, அங்கே இருக்க வேண்டும். இருந்தால் ஈ.எம். எது என்பதும் தீர்ந்தது.

ஆண்டை வைத்துத் தீர்ப்பவை வேறு சில. வட்டிக்கு அடிப்படையாக வங்கிகள் வைத்த அளவுகோல் காலத்துக்குக் காலம் பெயர் மாறியது. 2010 ஜூலை முதல் அடிப்படை விகிதம், 2016 ஏப்ரல் முதல் எம்.சி.எல்.ஆர். (வங்கி நிதி திரட்டும் செலவை ஒட்டிய விகிதம்), 2019 அக்டோபர் 1 முதல் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்களுக்கு ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி) போன்ற வெளி அளவுகோல். ‘பி.ஆர். + 0.25’ என்று 2013ஆம் ஆண்டுத் தாளில் இருந்தால் அது அடிப்படை விகிதம். அதே எழுத்துகள் கடிதத் தலைப்பில் வந்தால் கிளை. உங்கள் கடன் 2018 என்பதால் எம்.சி.எல்.ஆர். காலத்தது, பின்னால் கடன் வாங்கியவர் வெளி அளவுகோலுக்கு மாற்றிக்கொண்டிருந்தால் அறிக்கையின் நடுவில் புதுச் சுருக்கம் முளைக்கும். அதைப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆர்.ஓ.ஐ. பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. முதலீட்டு நூல்கள் அதை முதலீட்டின் மீதான வருவாய் என்கின்றன. இந்திய வங்கியின் கடன் கடிதத்தில் அது வட்டி விகிதம். பக்கத்தில் ‘பி.ஏ.’ என்று இருப்பது ஆண்டுக்கு என்பது. அதே பி.ஏ. கட்சிக்காரர் பெயருக்குப் பின்னால் வந்தால் அதிகார முகவர். சிலருக்கு அது படிப்பும்கூட.

எஃப்.சி. அப்படிப்பட்டதல்ல. அதை ஃபோர்குளோஷர் என்று விரிப்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, கடன் முடிந்தபின் வந்த கடிதம் என்கிறீர்கள். ஆனால் விரித்த பிறகுதான் வினை தொடங்குகிறது. இந்திய வங்கி இந்தச் சொல்லைச் சொன்னால், தவணைக் காலம் முடியும் முன்பே கடன் வாங்கியவர் முழுப் பணத்தையும் கட்டிக் கணக்கை முடித்துவிட்டார் என்று பொருள். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு, தவணை கட்டாததால் கடன் கொடுத்தவர் வீட்டை எடுத்துக்கொண்டார் என்று பொருள். நம் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 67ஆம் பிரிவிலும் இந்தச் சொல் இருக்கிறது. அங்கே அடமானம் வைத்தவருக்கு மீட்கும் உரிமை இனி இல்லை என்று நீதிமன்றம் அறுதியிடுவது. ஆக ஒரே சொல் ஓரிடத்தில் கடன்காரரின் வெற்றி, மற்ற இரண்டில் அவருடைய தோல்வி. அகராதியைப் பார்த்து ‘அடமானச் சொத்தைக் கைப்பற்றல்’ என்று தமிழாக்கிவிட்டால், பாகம் பிரிக்க வீடே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாட நீங்களே தாள் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். ‘கடனை முன்கூட்டியே முழுமையாகச் செலுத்தி முடித்தல்’ என்று நீட்டி எழுதுங்கள். அமெரிக்கப் பங்காளி இந்தக் கடிதத்தின் ஆங்கில மூலத்தைப் பார்க்கப்போகிறார் என்றால், அதோடு ஒரு வரி விளக்கம் இணைக்கச் சொல்லி வழக்கறிஞரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நள்ளிரவில் தொலைபேசி வரும்.

இனி அடைப்புக்குறிக்குள் தனியாக நிற்கும் எஃப். ‘9.15% (எஃப்)’ என்றால் மாறும் வட்டியா, நிலையான வட்டியா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே முதலெழுத்து. அந்த ஓர் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மொழிபெயர்ப்பாளராலும் இதைத் தீர்க்க முடியாது. கடிதத்தின் மற்ற வரிகளிலும் மற்றத் தாள்களிலும் தடயம் இருக்கக்கூடும். கடிதத்தில் எம்.சி.எல்.ஆர். என்ற பெயரும் அதன்மேல் ஒரு கூடுதல் விகிதமும் இருந்தால் மாறும் வட்டி என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கணக்கு அறிக்கையில் இடையில் விகிதம் மாறியிருந்தாலோ, தவணை மாறாமல் மாதங்களின் எண்ணிக்கை நீண்டிருந்தாலோ அதுவும் அந்தப் பக்கமே சாயும். ஆனால் விகிதம் மாறவில்லை என்பதால் நிலையான வட்டி என்று முடிவு கட்ட முடியாது. முதல் சில ஆண்டு நிலையாக வைத்துப் பிறகு மாறவிடும் கடன்களும் உண்டு. இன்னொரு தடயம்: மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி முடிப்பதற்குத் தனிநபர்களிடம் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனில் சொல்லிவிட்டது. உங்கள் எஃப்.சி. கடிதத்தில் முன்முடிப்புக் கட்டணம் வசூலித்திருந்தால் நிலையான வட்டியாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இது ஊகம்தான், வங்கி தவறாகவும் வசூலித்திருக்கலாம். குறிப்பில்கூட இதை எழுதாதீர்கள், உங்கள் மனத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தீராதவற்றைத் தாளில் எப்படிக் காட்டுவது என்பது கேள்வியின் இரண்டாம் பாதி. நான் சதுர அடைப்புக்குறியை மொழிபெயர்ப்பாளரின் குரலுக்கு மட்டும் ஒதுக்கிவைக்கிறேன். மூலத்தில் உள்ளது உடலில் அப்படியே இருக்கும். என் சொல் அடைப்புக்குள் இருக்கும். எஃப் என்பதற்கு இப்படி எழுதலாம்: ‘மூலத்தில் ஓர் எழுத்தாக மட்டும் உள்ளது. மாறும் வட்டி என்றோ நிலையான வட்டி என்றோ கொள்ள இடமுண்டு. இத்தாளிலிருந்து தீர்மானிக்க இயலவில்லை.’ இதை எழுத வெட்கப்பட வேண்டாம். நீதிபதிக்கு இது போதும்; தேவைப்பட்டால் வங்கி அதிகாரியை அழைத்துக் கேட்டுக்கொள்வார். ‘0-12-0’க்கு உடலில் நூறு ரூபாய்க்கு மாதம் பன்னிரண்டு அணா என்று ஆங்கிலத்தில் எழுதி, ஆண்டுக்கு 9 சதவீதம் என்ற கணக்கை அடைப்புக்குள் வையுங்கள். தொகைகளில் காற்புள்ளி இடத்தையும் மாற்றாதீர்கள். 12,50,000 என்பதை 1,250,000 என்று எழுதுவது கணிதப்படி சரிதான், ஆனால் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் அந்த இடத்தில் தடுக்கி விழுவார். லட்சம் என்றால் என்ன என்று முதல் இடத்தில் ஒரு முறை விளக்கிவிட்டு நம் வழக்கப்படியே போகலாம்.

வங்கியிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் கணக்கு வைத்திருப்பவர் அல்லது அவருடைய வாரிசு வழியாக, எழுத்தில். கவுன்ட்டரில் இருக்கும் இளைஞர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி விரிக்காதீர்கள். 2018இல் அந்தக் கடிதத்தை அடித்தவர் அவர் இல்லை. எழுத்தில் பதில் வந்தால் குறிப்பில் அந்தக் கடிதத்தின் தேதியைச் சொல்லி விரிவை எழுதலாம். வராவிட்டால் தீராதது தீராததாகவே நிற்கட்டும்.

கடைசியாக, வில்லங்கச் சான்றை இன்னொரு முறை படித்துவிட்டு எஃப்.சி. கடிதத்துக்குப் போங்கள். கடன் உண்மையிலேயே கட்டி முடிந்திருந்தால், எம்.ஓ.டி. பதிவுக்குக் கீழே அதை ரத்து செய்யும் ரசீதுப் பத்திரம் ஒன்று பதிவாகியிருக்க வேண்டும். இருந்தால் அதன் ஆவண எண்ணையும் ஆண்டையும் எஃப்.சி.க்கான குறிப்பில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் விரிவு தவறு என்று ஆகாது. பணம் கட்டிவிட்டு ரசீது பதியாமல் விட்ட குடும்பங்கள் நிறைய உண்டு. ஆனால் வழக்கறிஞரிடம் அதைச் சொல்லுங்கள். கடன் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிந்த அடமானப் பொறுப்பையும் நீக்க வேண்டும், தாமதம் வங்கியால் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் திரும்ப வேண்டிய பத்திரங்களுக்கு அது பொருந்தும். உங்கள் கடன் எந்தத் தேதியில் முடிந்தது என்பதைக் கடிதத்தில் பாருங்கள்.